கத்தரிக்கோல் இருக்கும் இடம்

சென்ற ஆவணி மாதத்தில் என் தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் விதித்த பத்தியம் அதிகமில்லை. சில வாரங்களுக்குக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணில் தண்ணீரும் தூசும் படக்கூடாது, அடுப்பருகில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். கேட்கும்போது எளிதாகத் தோன்றிய இந்த விலக்குகளை, வீடு திரும்பும் வழியில் மனத்துக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தபோதுதான், குனிவதும் தூக்குவதும் நீரிலும் தூசிலும் நெருப்பருகிலும் நிற்பதும் நீங்கிவிட்டால் ஒரு கிருஹத்தின் வேலையில் எஞ்சுவது ஏதுமில்லை என்பதும், அறுபத்தெட்டு வயதான அந்த அம்மாள் இத்தனை வருஷங்களாகச் செய்துவந்தது அனைத்தையும் மருத்துவர் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டார் என்பதும் எனக்கு விளங்கின.

நாங்கள் வசிப்பது சென்னைப் புறநகரில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஐந்து பேர். நானும் என் மனைவியும் உத்தியோகத்துக்குப் போகிறவர்கள். குழந்தைகள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள். மறுநாள் காலையில் தாயார் கறுப்புக் கண்ணாடி அணிந்து கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க, வீடு வழக்கம்போல் இயங்கத் தொடங்கிற்று. தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் முதற்கேள்வி எழுந்தது. "அத்தை, வெந்தயம் எதில் இருக்கிறது?" "பாட்டி, என் பெல்ட் எங்கே?" "அம்மா, கத்தரிக்கோல் எங்கே?" ஒவ்வொரு கேள்விக்கும், தலையைக்கூடத் திருப்பாமல், மேல் தட்டில் நீல மூடி டப்பாவுக்குப் பின்னால் என்றும், துவைக்கும் இயந்திரத்தின் மேலே கிடக்கிற துண்டின் அடியில் என்றும், அலமாரிக் கதவின் உட்புறத்து ஆணியில் என்றும் பதில் வந்துகொண்டிருந்தது. பகல் உணவுக்குப் பிறகு நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் கேள்விக்கு ஒரு கோடாகப் போட்டு வந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவற்றில் ஆறு, கத்தரிக்கோலுக்காக.

பார்வை மங்கிய ஒருவர் பார்வையுள்ள நால்வருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த அந்தக் காட்சி அன்று இரவு நெடுநேரம் என்னை உறங்கவிடவில்லை. எங்கள் வீடு ஒழுங்கில்லாத வீடு என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படியல்ல; அதற்கு மிக நுட்பமானதொரு கிரமம் இருந்தது. அந்தக் கிரமம் சுவரிலோ அலமாரியிலோ இல்லாமல், ஒரே ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் குடியிருந்தது. ஒவ்வொரு நாளும் நால்வர் கலைத்துப் போட்டதை அவர் திரும்ப எடுத்து வைத்தார் என்பது பாதி விஷயந்தான். எடுத்து வைத்த இடத்தையும் அவரே மனத்தில் சுமந்தார் என்பதே, துடைப்பத்தையும் பாத்திரத்தையும்விடப் பெரிய பாரமான மறுபாதி.

தாயார் பிறந்து வளர்ந்தது கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில், திண்ணையும் ரேழியும் முற்றமும் கூடமும் அடுக்களையும் கொல்லையுமாக வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் நீண்ட வீட்டில். சிறுவயதில் கோடை விடுமுறைகளில் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் "எங்கே" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. காரணம், பொருள்கள் தம் இடத்தைவிட்டு அசையாத சுபாவம் கொண்டவை. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் கனமானவை. மனிதர்கள்தாம் அவற்றிடம் சென்றார்கள். நெற்குதிரை நகர்த்துவது பற்றிப் பேச்சே இல்லை. விளக்குக்கு மாடம், குடைக்கும் கைத்தடிக்கும் ரேழியின் மூலை, செருப்புக்கு வாசற்படியின் வெளிப்புறம், கால் கழுவ அங்கேயே ஒரு செம்புத் தண்ணீர் என்று, இன்னது இன்ன இடத்தில் என்பதைக் கொத்தனாரும் தச்சருமே தீர்மானித்துக் கட்டியிருந்தார்கள். இன்றோ மிக்ஸியையும் அதன் மூன்று ஜாடிகளையும் ஒரு சிறுமி தூக்கிவிடலாம். எந்த இடத்திலும் வைக்கலாம் என்று ஆகிவிட்டதால் இன்ன இடம் என்பதே இல்லாமல் போயிற்று. கைபேசியும் அதன் மின்கம்பியும் இந்த நிலையின் பூரண வடிவங்கள்.

அந்தப் பழைய வீட்டை நான் போற்றிப் பாட வரவில்லை. அதன் தூய்மை, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கிணற்றில் நீர் இறைத்து, புளியும் சாம்பலும் கொண்டு பித்தளையைக் கைவிரல் வெடிக்கத் தேய்த்த பெண்களின் தூய்மை. கொல்லைப்புறத்தின் சுத்தமோ, முன்வாசல் வழியாக ஒருநாளும் உள்ளே அனுமதிக்கப்படாத மனிதர்கள் பின்வழியே வந்து செய்து போன வேலை. அந்த அநியாயத்தை மறந்துவிட்டு அந்த ஒழுங்கை மட்டும் வேண்டுமென்று ஆசைப்படுவது தர்மமாகாது. எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. பொருளின் இடத்தை ஒருவர் மூளையில் வைக்காமல், எல்லோரும் பார்க்கும்படி வீட்டிலேயே வைத்திருந்தார்கள் என்பதுதான் அது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மட்டுமன்று, நான் சென்று வருகிற அநேக வீடுகளிலும் படுக்கையறையில் ஒரு நாற்காலி உண்டு. அதன்மேல் யாரும் அமர்வதில்லை, துணிகள்தாம் அமர்ந்திருக்கின்றன. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் அழுக்குத் துணிகளும் இல்லை, துவைத்து மடித்தவையும் இல்லை; ஒரு முறை உடுத்தி, இன்னொரு முறை உடுத்தலாம் என்று வைத்தவை. அழுக்குக் கூடையில் போட மனம் வராது. மடித்த துணிகளோடு சேர்த்து அலமாரியில் வைக்கவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த மூன்றாம் வகைக்காகவே பழைய வீடுகளில் தாழ்வாரத்து உத்தரத்திலிருந்து மூங்கிற்கழி ஒன்று கொடியாகத் தொங்கிற்று. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது துணியைக் கொண்டுவந்தோம், கொடியைக் கொண்டுவரவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்து "சோம்பேறித்தனம்" என்று குழந்தைகளைக் கடிந்துகொண்டிருந்த நான், கதவின் பின்புறத்தில் ஆளுக்கு இரண்டாகக் கொக்கிகளை அடித்த மறுநாளே நாற்காலி காலியானதைக் கண்டு வெட்கமுற்றேன். குவிந்து கிடக்கும் எதைக் கண்டாலும், இதற்கு எங்கே இடம் வைத்தோம் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றுமுதல் எண்ணலானேன்.

இடத்தைப் போலவே காலத்தையும் அந்த வாழ்க்கை வகுத்து வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு முன்பாக ஒவ்வொரு கருவியும் புத்தகமும் கையில் எடுத்துத் துடைக்கப்பட்டது. பொங்கலுக்கு முன்பாகச் சுவருக்குச் சுண்ணாம்பும், பரணுக்கு வருஷாந்தர விசாரணையும். மார்கழியின் கடைசி நாளான போகியன்று பழைய பாயும் கிழிந்த முறமும் தேய்ந்த துடைப்பமும் எரிந்தன. அவை புல்லும் நாரும் மூங்கிலுமாகையால் சாம்பலாகி மண்ணோடு சேர்ந்தன. இன்று அதே தினத்தில் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதால் சென்னையில் புகைமூட்டம் கவிந்து விமானங்கள் தாமதப்படுகிற அளவுக்கு ஆகியிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. எரிப்பதை விட்டுவிடலாம்; ஆனால் வருஷத்தில் ஒரு நாள், இது இனி நமக்கு வேண்டுமா என்று ஒவ்வொரு வஸ்துவையும் கையிலெடுத்துக் கேட்கும் அந்த வழக்கத்தையும் புகையோடு சேர்த்துத் தள்ளிவிடலாகாது. வாரந்தோறும் தபாலிலும் கூரியரிலும் சாமான்கள் வந்திறங்கும் இக்காலத்துக்கு வருஷத்துக்கொரு போகி போதவே போதாது என்பது என் அபிப்பிராயம்.

சாமான் பெருகுவதென்பது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களை 2001 முதல் 2005 வரை மானிடவியல் அறிஞர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து கவனித்தார்கள். காருக்கென்று கட்டிய கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் கார் நிற்க இடமில்லாமல் தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்திருந்ததையும், குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே சராசரியாக ஐம்பதுக்கு மேற்பட்ட சீட்டுகளும் படங்களும் ஒட்டப்பட்டிருந்ததையும் கண்டார்கள். அதே குடும்பங்களைக் கொண்டு 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிதான் என் மனத்தை அதிகம் தொட்டது. தம் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது குவியல் என்றும் முடியாத வேலை என்றும் வர்ணித்த மனைவியரின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்பு, மாலைக்குள் இயல்பாகத் தணிய வேண்டிய அளவுக்குத் தணியாமல் இருந்தது. அதே வீட்டில், அதே குவியலின் நடுவில் வசித்த கணவன்மாரிடம் அப்படிப்பட்ட விளைவு காணப்படவில்லை.

ஏன் என்று அறிவதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் வரை போகவேண்டியதில்லை. இந்திய அரசாங்கம் 2024-இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிஷங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிஷங்களும் செலவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் கூட்டிப் பெருக்கிய நேரம் அடங்கும். கத்தரிக்கோல் எங்கே என்று நினைவில் வைத்திருக்கிற நேரம் எந்தக் கணக்கில் அடங்கும்? ஒரே குவியலைக் கணவன் சாமான் என்று காண்கிறான். மனைவியோ தான் இன்னும் செய்யாத வேலை என்று காண்கிறாள். பார்வையில் உள்ள இந்த வேற்றுமை நீங்காத வரையில், எத்தனை அலமாரி வாங்கினாலும் வீடு சீராகாது.

எங்கள் வீட்டில் அந்த நான்கு வாரங்களில் செய்ததைச் சொல்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை சமையலறையை எடுத்துக்கொண்டோம். தாயார் வாசற்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல, மூத்தவள் எழுத, நானும் மனைவியும் இறக்கி வைத்தோம். கடையிலிருந்து வந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், மூடி காணாமற்போன எவர்சில்வர் சம்படங்கள், கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த கிண்ணங்கள், கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் திணித்த நூறு பைகள் எல்லாம் வெளிவந்து தரையை நிரப்பின. மூடியில்லாதவை முதலில் விடைபெற்றன. பிறகு இடம் வகுத்தபோது, லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்து வீண் பிரயாசையைக் குறைக்கும் சாஸ்திரத்தை வளர்த்தவர். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். கணவரை இழந்தபின் அந்தச் சாஸ்திரத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று கணக்கிட்டவர். எந்தப் பொருளை எந்த இடத்தில் முதலில் கை தேடுகிறதோ அதுவே அதன் வீடு என்று முடிவு செய்தோம். தினமும் வேண்டியது கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில், தீபாவளிக்கு வேண்டியது மேலே, பாரமானது கீழே. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் என்ன இருக்கிறது என்பதைச் சின்னவன் தன் கொட்டையெழுத்தில் எழுதி ஒட்டினான். அந்தச் சீட்டுகள் அழகாயில்லை என்று சொன்ன உறவினர் உண்டு. ஒருவர் மனத்தில் இருந்ததை ஐந்து பேருக்கும் பொதுவாக்கியவை அந்தச் சீட்டுகள். அவற்றைவிட அழகான பொருள் எங்கள் சமையலறையில் வேறில்லை.

கத்தரிக்கோலை ஒரு நீண்ட கயிற்றில் கட்டி, கூடத்து ஜன்னலோரம் ஆணியில் மாட்டினோம். சாவிக்கும் பணப்பைக்கும் வாசலருகே ஒரு தாம்பாளம். பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டுகள் ஆகியவை நீங்கலாக மற்றக் காகிதமெல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் சென்றது. தேதி கடந்த மாத்திரைகளே ஒரு பை நிறைய இருந்தன.

சாமான் குறைந்தபின்தான் சுத்தம் எவ்வளவு சுலபம் என்பது பிரத்தியட்சமாயிற்று. காலையில் ஒரு மணி நேரம் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அந்த ஒரு மணியில் பாதியைத் தரையில் கிடப்பதைத் தூக்கி வைப்பதிலேயே கழித்து வந்தார் என்பதை அதுவரை நாங்கள் கவனித்ததில்லை. வீட்டுத் தூசு என்பது வெளிமண் மட்டுமன்று. துணியின் நுண்ணிழைகளும் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களும் கலந்தது. அந்தச் செதில்களைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் சென்னையின் ஈரக் காற்றில் மெத்தைக்குள் செழித்து வளர்ந்து, இருமலும் தும்மலும் உள்ள குழந்தைகளைத் துன்புறுத்துகின்றன. ஆகையால் மெத்தைக்கு வெயிலும், விரிப்புக்கு வாரம் ஒரு துவைப்பும் அவசியம். பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்தவேண்டும். மேலே ஒட்டடையும் விசிறியின் இறகும் முதலில், தரை கடைசியில், அதுவும் ஈரத்துணியால். சாமான் வந்த அட்டைப் பெட்டியை, எப்போதாவது உதவும் என்று சேர்த்து வைக்கும் பழக்கத்தை நான் முற்றிலும் விட்டேன். இருட்டும் வெதுவெதுப்பும் விரும்பும் கரப்பான் பூச்சிக்கு அடுக்கிய அட்டையைப் போன்ற மாளிகை இல்லை. சமையலறையில் காணும் சிறிய இனத்தின் ஒரு முட்டைப்பையிலேயே முப்பது நாற்பது குஞ்சுகள் பொரிக்கும்.

தண்ணீர் தேங்குமிடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டிலும் பூந்தொட்டியின் அடித்தட்டிலும் மணிபிளான்ட் வைத்த குப்பியிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் உலர்ந்தும் உயிரோடிருக்கும் ஆதலால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அதற்கான நாள். இன்னொன்று, உயிர் சம்பந்தமானது: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகப் பிரயோகிக்கலாகாது, இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் என்னும் நச்சுவாயு. வாசனை பலமாயிருந்தால் சுத்தம் பலம் என்று எண்ணிச் சின்னஞ்சிறு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரவு உணவுக்கு முன் பத்து நிமிஷம் ஐவரும் ஒருசேர எழுந்து, கையில் அகப்பட்டதை அதன் இடத்தில் சேர்ப்பது என்று ஒரு நியமம் ஏற்படுத்திக்கொண்டோம். சில நாட்களில் தவறிவிடுகிறது. பரீட்சைக் காலத்தில் ஒரு வாரமே தவறிற்று. ஆனால் இடம் தெரிந்த பொருள் எத்தனை நாள் கழித்தும் வீடு திரும்புகிறது.

பரணிலிருந்து இறங்கியது தாயாரின் டிரங்குப் பெட்டி. மூன்றாவது வாரத்தில் அதைத் திறந்தோம். வேப்பிலைச் சருகுகளுக்கு நடுவே ஒரு கூறைப்புடவை, காலஞ்சென்ற என் தகப்பனாரின் மூக்குக்கண்ணாடி, அவர் மைப்பேனா, எங்கள் முதல் வகுப்புச் சிலேட்டு. ஜப்பானியப் பெண்மணி மரி கொண்டோ, ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, தராததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொன்னார். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பின்பற்றினார்கள். நன்றி சொல்லி அனுப்புவது உயர்ந்த பண்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒருவர் தம் உடைமையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில் பொருள் ஒருவருடையதாக இருப்பதில்லை. அந்த மூக்குக்கண்ணாடி என் தாயாருக்கு மகிழ்ச்சியா துக்கமா என்று யார் சொல்வது? இட நெருக்கடியைச் சொல்லிப் பெட்டியையாவது கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதே சரி. நாற்பது கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லி வந்தவருக்கு, யாருக்கும் பதில் சொல்லவேண்டாத ஒரு பெட்டி வேண்டும். அது இப்போது அவர் கட்டிலின் அடியில் இருக்கிறது. அதன்மேல் சீட்டு ஏதும் ஒட்டவில்லை.

ஐந்தாவது வாரம் மருத்துவர் உத்தரவு கொடுத்தார். மறுநாள் காலை தாயார் சமையலறைக்குள் நுழைந்து, தட்டுகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாக, புதிய பார்வையோடு, நிதானமாக வாசித்தார். பிறகு, ஜன்னல் பக்கத்துத் தட்டில் நாங்கள் வைத்திருந்த அஞ்சறைப் பெட்டியை எடுத்து அடுப்பின் வலப்புறம் வைத்தார். அங்கிருந்த காப்பிப்பொடி டப்பாவை ஜன்னல் பக்கம் தள்ளினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னவன் அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போய், ஜன்னலோரத்து ஆணியிலிருந்து கத்தரிக்கோலைக் கயிற்றோடு கழற்றி எடுத்துவந்து, புதிதாக இரண்டு சீட்டுகள் வெட்டத் தொடங்கினான்.